3000 ஆர்பிஎம்மில் கிடுகிடு: சொந்தமாகக் கட்டிய ஹோவர்கிராஃப்டில் அதிர்வும் இரைச்சலும்

#1 புங்கோல்_மிதவை
விவரத்தை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன். காற்று மெத்தையில் மிதந்து ஓடும் ஒற்றை ஃபேன் வண்டி. தூக்குவதும் தள்ளுவதும் அதே ஃபேன்தான், கீழ் மூன்றில் ஒரு பங்கு காற்றைப் பிரிதட்டு (ஃபேனுக்குப் பின்னால் காற்றைப் பிரிக்கும் பலகை) ஸ்கர்ட்டுக்கு, அதாவது வண்டிக்கு அடியில் காற்றைச் சுற்றிப் பிடிக்கும் துணிக்கு, திருப்பிவிடுகிறது. உடல் 3.2 மீ. × 1.7 மீ., 50 மி.மீ. நீல ஃபோமின் மேல் ஃபைபர்கிளாஸ். எஞ்சின் காற்றில் குளிரும் நான்கு ஸ்ட்ரோக் வி-ட்வின் (வி வடிவில் இரண்டு சிலிண்டர்), 23 குதிரைசக்தி. ஃபேன் 900 மி.மீ., 6 பிளேடு, கண்ணாடி இழை கலந்த நைலான், பிட்ச் (பிளேடின் சாய்கோணம்) 35 டிகிரி. 8எம் பல் பெல்ட் (பல்லுக்குப் பல் 8 மி.மீ.), 30 மி.மீ. அகலம், 1200 மி.மீ. நீளம். எஞ்சின் புல்லி 40 பல், ஃபேன் புல்லி 48 பல். ஷாஃப்ட் 25 மி.மீ., யுசிபி205 பேரிங் இரண்டு. ஆளோடு மொத்த எடை 260 கிலோ.

ஐடிலில் பிரச்சினை இல்லை. 2900 தாண்டினால் கைப்பிடி மரத்துப்போகிற அளவுக்கு அதிர்வு, கூடவே காதை அடைக்கும் ஒரே சுருதி ஊளை. போனை இருக்கையில் ஒட்டி அதிர்வு வரைபடத்தைப் பார்த்தால் 50 ஹெர்ட்ஸில் பெரிய முனை, 42க்குப் பக்கத்தில் இன்னொன்று. 3000 ஆர்பிஎம் என்றால் 50 ஹெர்ட்ஸ் என்பதால் எஞ்சின்தான் என்று நினைத்து, எஞ்சின் அடியிலுள்ள ரப்பர் மவுண்டை இன்னும் மிருதுவானதாக மாற்றினேன். அதிர்வு கூடிவிட்டது. தனியாக இன்னொரு தொல்லை: சிமெண்டுத் தரையில் தூக்கும்போது வண்டி குதிக்கிறது.

#2 பெல்ட்வாத்தியார்
தம்பி, ரப்பர் எஞ்சினுக்கும் ஃபிரேமுக்கும் நடுவிலா, ஃபிரேமுக்கும் உடலுக்கும் நடுவிலா? பதிலே அங்கேதான் தொடங்குகிறது.

எஞ்சினுக்கு அடியில் மட்டும் என்றால் முதலில் அதைக் கழற்றி, கட்டியாக போல்ட் போடுங்கள். பெல்ட்டின் இரண்டு பக்கமும் சேர்ந்து எஞ்சினை ஃபேன் பக்கம் 80 கிலோ அளவில் இழுத்துக்கொண்டிருக்கும். மிருதுவான ரப்பர் அந்த இழுப்புக்குச் சாய்ந்து கொடுக்கும். புல்லி இரண்டும் ஒரே தளத்தில் நிற்காது. பெல்ட் ஓரத்துத் தட்டில் ஏறித் தேயும். தேய்வதோடு விடாமல் எஞ்சின் ஒவ்வொரு அடிக்கும் ஆட, இழுவிசையும் கூடிக் குறைந்து ஃபேன் ஷாஃப்டையும் ஆட்டும். எஞ்சினும் ஃபேனும் ஒரே விறைப்பான ஃபிரேமில் கட்டியாக இருக்க வேண்டும். ரப்பர் வைப்பதானால் அந்த ஃபிரேமுக்கு அடியில்தான்.

பிறகு பெல்ட்டைக் கழற்றிவிட்டு எஞ்சினை மட்டும் 3000க்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். காற்றில் குளிரும் எஞ்சினுக்குத் தன் ஃப்ளைவீல் விசிறி இருக்கிறது, சில நிமிடம் ஓட்டினால் சூடேறாது. ஆனால் சுமை இல்லாமல் சட்டென்று எகிறும், த்ராட்டிலை மெதுவாகத் திறங்கள்.

உங்கள் எண்களை ஒரு தாளில் எழுதி இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். எஞ்சின் 3000: 50 ஹெர்ட்ஸ். வி-ட்வின் வெடிப்பும் அதே 50தான், ஆனால் 90 டிகிரி வி என்றால் வெடிப்பு 270, 450 டிகிரி என்று ஏறுமாறாக வரும், அதனால் பாதியான 25 ஹெர்ட்ஸும் தெரியும். ஃபேன் 2500 ஆர்பிஎம்: 41.7. அதுதான் உங்கள் 42. பெல்ட் ஒரு முழுச்சுற்று வருவது 13.3 ஹெர்ட்ஸ் (40 பல் × 8 மி.மீ. = 320 மி.மீ., நொடிக்கு 16 மீட்டர், அதை 1.2ஆல் வகுக்கவும்). பிளேடு கடக்கும் அதிர்வெண் 6 × 41.7 = 250. பல் கடிபடுவது 40 × 50 = 2000. எந்த முனை வந்தாலும் இந்தப் பட்டியலில் ஏதோ ஒன்றில் உட்காரும்.

#3 டெசிபெல்
வாத்தியார் கணக்கு சரி. ஆனால் அந்த 50ஐ நான் நம்பமாட்டேன்.

எந்த போன், நொடிக்கு எத்தனை மாதிரி (அளவு) எடுக்கிறது? நிறைய ஆண்ட்ராய்டு போன்களில் முடுக்கமானி (அதிர்வை உணரும் சென்சார்) 200 ஹெர்ட்ஸுக்கு மேல் போகாது. அப்படியானால் 100 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள எதையும் அது உள்ளபடி காட்டாது, மடித்துக் கீழே போட்டுவிடும். சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுமே, அதே கதை. உங்கள் பிளேடு அதிர்வெண் 250. 250 − 200 = 50. பாருங்கள், எஞ்சின் உட்கார்ந்திருக்கும் அதே நாற்காலியில் போய் உட்கார்கிறது.

பிரித்தறிவது சுலபம். எஞ்சினை 2940க்கு இறக்குங்கள். உண்மையிலேயே எஞ்சின் என்றால் முனை 49க்கு வரும். பிளேடு என்றால், ஃபேன் 2450, பிளேடு அதிர்வெண் 245, திரையில் 45. ஒன்று நகர்கிறதா, ஐந்து நகர்கிறதா என்று பாருங்கள். கூடவே போனின் மைக்கிலும் பதிவு செய்யுங்கள், மைக் நொடிக்கு 44,100 அல்லது 48,000 மாதிரி எடுப்பதால் 250ஐ 250 என்றே காட்டும். பைஃபாக்ஸ் செயலியில் இரண்டுமே இருக்கிறது.

பழைய போனைப் பயன்படுத்துங்கள். எஞ்சின் அதிர்வு கேமராவின் நிலைப்படுத்தியைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021இல் மோட்டார் சைக்கிள்காரர்களை எச்சரித்திருக்கிறது.

#4 பட்டறைத்தம்பி
அக்கா, ஒட்டும் விதம் முக்கியமா? டபுள் டேப் போதாதா?

#5 டெசிபெல்
ஃபோம் உள்ள டபுள் டேப் வேண்டாம், அதுவே ஒரு ஸ்பிரிங். மெல்லிய கார்பெட் டேப் போட்டு, மேலே ஸிப் டை இரண்டு இறுக்குங்கள். இருக்கையிலும் வைக்காதீர்கள், பஞ்சு பாதியை விழுங்கிவிடும். பேரிங் கூட்டின் மேல், ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே திசை.

#6 புங்கோல்_மிதவை
பார்த்தாகிவிட்டது. 200 ஹெர்ட்ஸ் போன்தான். 2940இல் முனை 45க்கு ஓடிவிட்டது. மைக்கில் 245இல் தெளிவாக நிற்கிறது. பெல்ட் கழற்றி ஓட்டினால் எஞ்சின் சாதுவாக இருக்கிறது, 25லும் 50லும் சின்ன முனைகள் மட்டும். எஞ்சினைக் கட்டியாகப் போட்டதும் பெல்ட் ஓரம் உரசுவதும் நின்றது. 42 மட்டும் அப்படியே.

#7 டெசிபெல்
அப்படியானால் இரண்டு தனி நோய், இரண்டு தனி மருந்து. 42 என்பது ஃபேன் சமநிலை, அதை வாத்தியார் பார்த்துக்கொள்வார். 250 என்பது பிளேடு எதையோ கடக்கும்போதெல்லாம் ஒரு அடி கொடுப்பது. இவற்றை அளந்து சொல்லுங்கள்: பிளேடின் பின்விளிம்பிலிருந்து பிரிதட்டின் முன்விளிம்பு வரை இடைவெளி, பிளேடு நுனிக்கும் டக்ட் (ஃபேனைச் சுற்றியுள்ள வளையம்) சுவருக்கும் இடைவெளி, எட்டு இடத்தில், ஃபேனுக்கு முன்னால் ஃபிரேம் கால்கள் எத்தனை, எந்தக் கோணம், டக்ட் வாயில் உதடு (உருண்ட விளிம்பு) இருக்கிறதா.

எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் வயர்களையும் கழற்றிவிட்டுக் கை வையுங்கள். இதைச் சொல்லாமல் விடமுடியாது.

#8 புங்கோல்_மிதவை
பிரிதட்டு இடைவெளி 30 மி.மீ. தட்டு 6 மி.மீ. மரைன் பிளைவுட், கீழே 300 மி.மீ.க்கு ஒரு தாங்கி. நுனி இடைவெளி மேலே 3, கீழே 11, பக்கவாட்டில் 6, 7. முன்னால் கால்கள் மூன்று, மையத்திலிருந்து நேராக வெளியே போகின்றன, 25 மி.மீ. சதுரக் குழாய். வாயில் 20 மி.மீ. பிவிசி குழாயைப் பிளந்து மாட்டியிருக்கிறேன்.

#9 டெசிபெல்
எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் குற்றவாளி. பெரியதிலிருந்து வருகிறேன்.

பிரிதட்டு. பிளேடு விட்டுச்செல்லும் காற்று ஒரே சீராக இருக்காது. ஒவ்வொரு பிளேடுக்குப் பின்னாலும் ஒரு மெதுவான பட்டை, இரண்டு பிளேடுக்கு நடுவே வேகமான பட்டை. 30 மி.மீ.யில் அந்தப் பட்டைகள் கலைவதற்கு முன்பே தட்டின் விளிம்பில் மோதுகின்றன, நொடிக்கு 250 அடி. குறைந்தது ஒரு பிளேடு அகலம் தள்ளுங்கள், உங்களுக்கு 100 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். முன்விளிம்பு வெட்டுப்பட்ட பிளைவுட்டாக இருந்தால் பாதியாகப் பிளந்த 20 மி.மீ. குழாயை மாட்டி உருட்டிவிடுங்கள்.

தட்டே பறையாக இருக்கிறதா என்று பார்க்க, எல்லாம் நின்றபிறகு தாங்கிகளுக்கு நடுவில் ரப்பர் சுத்தியலால் தட்டி மைக்கில் பதியுங்கள். 6 மி.மீ. பிளைவுட்டுக்கு 300 மி.மீ. இடைவெளி, இரண்டு பக்கமும் ஒட்டு என்றால் 200லிருந்து 250 வரை சுருதி வர எல்லா வாய்ப்பும் உண்டு. அப்படி வந்தால், அடிக்கிற சுருதியும் அதிர்கிற சுருதியும் ஒன்று. தடிமனான தட்டு போடுவதைவிடத் தாங்கி இடைவெளியைப் பாதியாக்குங்கள். இடைவெளி பாதியானால் சுருதி நான்கு மடங்கு ஏறி, ஆயிரத்துப் பக்கம் போய்விடும். 20 × 20 மரச்சட்டம், எப்பாக்சி, இரண்டு பக்கமும் 50 மி.மீ. கண்ணாடி டேப். எடை ஒன்றும் கூடாது.

அடுத்து முன்கால்கள். பிளேடும் மையத்திலிருந்து நேர், காலும் நேர். பிளேடு முழு நீளமும் ஒரே நேரத்தில் காலின் நிழலுக்குள் நுழைகிறது. அதைவிட மோசம், 6ஐ 3 வகுத்துவிடும்: மூன்று பிளேடுகள் ஒரே கணத்தில் மூன்று கால்களையும் கடக்கும், மூன்று அடியும் ஒன்றாகச் சேரும். 5 அல்லது 7 கால் என்றால் அடிகள் சிதறிவிடும். ஃபிரேமை மறுபடி வெல்டு செய்யாமல் முடிக்கவேண்டுமானால், சதுரக் குழாய்க்கு முன்னும் பின்னும் ஃபோம் ஒட்டி மீன் வடிவத்தில் தேய்த்து ஒரு அடுக்குக் கண்ணாடித்துணி போடுங்கள். சதுரக் குழாய் விட்டுச்செல்லும் நிழல் ரொம்ப அகலம், மீன் வடிவம் அதை வெகுவாகக் குறைக்கும்.

நுனி இடைவெளி 3க்கு 11 என்றால் ஷாஃப்ட் 4 மி.மீ. மேலே இருக்கிறது. பேரிங் அடியில் ஷிம் (மெல்லிய தகடு) இருந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் டக்டை உயர்த்துங்கள். நீள்வட்டமான டக்ட் என்றால் வெளியே பட்டை போட்டுத்தான் நிமிர்த்தவேண்டும். 900க்கு எல்லாப் பக்கமும் 5, 6 மி.மீ. நல்ல இலக்கு. 3 மி.மீ. ஆசைப்படாதீர்கள், ஸ்கர்ட் சுமையில் உடல் நெளியும்போது நுனி உரசும்.

வாயின் உதடுதான் மலிவான வெற்றி. 20 மி.மீ. குழாய் போதாது. ஆரம் 50லிருந்து 70 மி.மீ. வேண்டும். காற்று பக்கவாட்டிலிருந்து உள்ளே திரும்பும்போது கூர்மையான விளிம்பில் சுவரை விட்டு விலகிவிடும். பிறகு நுனிப் பகுதி கலங்கலான காற்றைத்தான் வெட்டுகிறது. அதுதான் அந்தக் கரகரப்பு. ஃபோமில் அறுத்து ஃபைபர்கிளாஸ் போர்த்தினால் ஒரு மாலை வேலை. தள்ளுவிசையும் கூடும்.

#10 பட்டறைத்தம்பி
டக்ட் உள்சுவரில் 25 மி.மீ. ஒலியுறிஞ்சும் ஃபோம் ஒட்டினால் இவ்வளவு வேலை தேவைப்படாதே? ஜாலான் புசார் பக்கம் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது.

#11 டெசிபெல்
வேண்டாம் தம்பி. நம் சிங்கப்பூர் வெயிலில் ஒலி நொடிக்கு 350 மீட்டர், 250 ஹெர்ட்ஸின் அலைநீளம் 1.4 மீட்டர். அதை விழுங்க ஃபோம் கால் அலை, அதாவது 35 செ.மீ. ஆழத்தை நெருங்கவேண்டும். 25 மி.மீ. அதற்கு ஒன்றுமே செய்யாது, பெல்ட்டின் 2000ஐ மட்டும் கொஞ்சம் குறைக்கும். அதற்குமேல், பசை ஈரத்தில் விட்டு ஒரு துண்டு ஃபேனுக்குள் போனால் பிளேடு போகும். பெட்ரோல் ஆவியை ஊறவைக்கிற பஞ்சை எஞ்சினுக்குப் பக்கத்தில் வைப்பது இன்னும் மோசம்.

#12 பெல்ட்வாத்தியார்
இப்போது 42.

10 கிராம் எடை வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். நுனியில், அதாவது 450 மி.மீ. ஆரத்தில், 2500 ஆர்பிஎம்மில், அது 308 நியூட்டன், சுமார் 31 கிலோ. நொடிக்கு 42 முறை அந்த 31 கிலோ பேரிங்கை மேலும் கீழும் இழுக்கிறது. தொழிற்சாலை ஃபேன்களுக்கான ஜி6.3 என்ற சமநிலைத் தரத்துக்குப் போனால் 6 கிலோ ஃபேனுக்கு நுனியில் 0.3 கிராம்தான் அனுமதி. வீட்டில் அவ்வளவு தூரம் போக முடியாவிட்டாலும் பக்கத்தில் போகலாம்.

எடையைத் தொடுவதற்கு முன் பிட்ச்சைப் பாருங்கள். ஒரு பிளேடு மட்டும் 2 டிகிரி தப்பினால் அது மற்றவற்றைவிட அதிகம் தள்ளும், அதிர்வு அதே 42இல்தான் வரும், எவ்வளவு எடை வைத்தாலும் போகாது. டிஜிட்டல் கோணமானியைப் பிளேடின் ஒரே ஆரத்தில் வைத்து, ஒவ்வொரு பிளேடையும் ஒரே நிலைக்குச் சுற்றிக்கொண்டுவந்து அளந்தால் அரை டிகிரிக்குள் நிற்கவேண்டும். பிளேடுகளைக் கழற்றியிருக்கும்போதே சமையல் தராசில் எடை போட்டு, ஏறக்குறைய ஒரே எடையுள்ளவற்றை எதிரெதிரே மாட்டுங்கள். ஹப் போல்ட்டுகளைத் தயாரிப்பாளர் சொன்ன டார்க்கில் (முறுக்குவிசையில்) குறுக்காக இறுக்கவேண்டும். நைலாக் நட்டை (உள்ளே நைலான் வளையம் உள்ளது) திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

பேரிங்கையும் விட்டுவிடாதீர்கள். யுசிபி வகையில் உள்வளையத்தில் இரண்டு கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத திருகு) இருக்கும். அது தளர்ந்தால் 42, 83, 125 என்று படிவரிசையாக முனைகள் வரும். ஷாஃப்டில் ஸ்க்ரூ உட்காரும் இடத்தில் லேசாகக் குழி தட்டி, நீல லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) போடுங்கள். 9 குண்டு பேரிங்கின் வெளிவளையம் கெட்டால் 150 ஹெர்ட்ஸ் அருகே வரும் (0.4 × 9 × 41.7). அதுவும் அந்த போனில் 50 என்றுதான் காட்டும், மறக்கவேண்டாம்.

இதெல்லாம் சரி, இன்னும் 42 இருக்கிறது என்றால் நான்கு ஓட்ட முறை. ஹப்பின் 6 போல்ட்டுக்கு 1 முதல் 6 வரை மார்க்கரில் எண் போடுங்கள். எடை இல்லாமல் ஒரு ஓட்டம், ஃபேன் 1500 ஆர்பிஎம்மில். பிறகு 10 கிராம் வாஷர்களை 1ஆம் போல்ட்டில் வைத்து ஒன்று, 3இல் வைத்து ஒன்று, 5இல் வைத்து ஒன்று. எம்8 வாஷர் ஒன்று 2 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, தராசில் சரிபாருங்கள். எடையை நுனியில் டேப்பால் ஒட்டுவது கொலைக்குச் சமம், ஹப் போல்ட்டில் நட்டுக்கு அடியில் மட்டும். ஃபேன் சுற்றும் தளத்தில் யாரும் நிற்கக்கூடாது. வலை மாட்டாமல் ஓட்டக்கூடாது.

நான்கு எண்களையும் போடுங்கள், வரைந்து காட்டுகிறேன்.

#13 புங்கோல்_மிதவை
பிளேடு 4 மட்டும் பிட்ச் 36.5 இருந்தது, 35க்குக் கொண்டுவந்தேன். முனை பாதிக்குமேல் இறங்கியது. அதன்பிறகு எடுத்த அளவுகள் (போன் காட்டும் மீ/வி²): எடை இல்லாமல் 6.0. 1ஆம் போல்ட்: 6.6. 3ஆம் போல்ட்: 3.9. 5ஆம் போல்ட்: 9.9.

#14 பெல்ட்வாத்தியார்
நல்ல அளவுகள். கட்டம் போட்ட தாளில் காம்பஸ் எடுங்கள்.

1 மீ/வி²க்கு 1 செ.மீ. என்று வைத்து, 6 செ.மீ. ஆரத்தில் வட்டம். அதன் விளிம்பில் 0, 120, 240 டிகிரியில் மூன்று புள்ளி, இவை 1, 3, 5ஆம் போல்ட்டுகள். போல்ட் எண்கள் எந்தப் பக்கமாகக் கூடுகின்றனவோ அதே பக்கமாகத் தாளிலும் கோணத்தை எண்ணுங்கள், பலருக்கு இங்கேதான் தலைகீழாகிறது. முதல் புள்ளியை மையமாக வைத்து 6.6 ஆரத்தில் வில், இரண்டாவதில் 3.9, மூன்றாவதில் 9.9. மூன்று வில்லும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வெட்டும். உங்கள் எண்களுக்கு அது மையத்திலிருந்து 4 செ.மீ., 80 டிகிரியில் விழுகிறது.

எடை = 10 × 6 ÷ 4 = 15 கிராம், 80 டிகிரியில். அங்கே போல்ட் இல்லை, 60இலும் 120இலும்தான் இருக்கிறது. பிரித்தால் 2ஆம் போல்ட்டில் 11 கிராம், 3ஆம் போல்ட்டில் 6 கிராம். கூட்டினால் 17 வருகிறதே என்று கேட்காதீர்கள், இரண்டும் வேறு வேறு திசையில் இழுப்பதால் கொஞ்சம் வீணாகும்.

மூன்று வில்லும் ஒரு புள்ளியில் வெட்டாமல் பெரிய முக்கோணம் விட்டால் அளவுகளுக்கு நடுவில் ஆர்பிஎம் மாறியிருக்கும், அல்லது ஏதோ தளர்ந்திருக்கும். அப்போது எடை வைக்காமல் தளர்ச்சியைத் தேடுங்கள்.

#15 பட்டறைத்தம்பி
வாத்தியாரே, பெல்ட் இறுக்கத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தால் போதுமா?

#16 பெல்ட்வாத்தியார்
கட்டைவிரல் ஆளுக்கு ஆள் மாறும். தட்டிக் கேளுங்கள். பெல்ட்டை எடை போட்டு நீளத்தால் வகுக்கவும். இந்த பெல்ட் சுமார் 210 கிராம், மீட்டருக்கு 0.175 கிலோ. இரண்டு புல்லிக்கு நடுவே வெறும் பகுதி 0.42 மீட்டர். நடுவில் விரலால் சுண்டி, போன் மைக்கில் சுருதியைப் பார்த்தால் இழுவிசை = 4 × 0.175 × 0.42² × அதிர்வெண்². 57 ஹெர்ட்ஸ் என்றால் 400 நியூட்டன், இந்த எஞ்சினுக்கு அதுவே போதும். 45 என்றால் 250 நியூட்டன், த்ராட்டில் திறக்கும்போது பல் தாண்டும். 80க்கு மேல் போனால் பேரிங்தான் பில் கட்டும். 57 ரொம்பக் கீழ்ச்சுருதி, சில போன் மைக்குகள் அதை அமுக்கிவிடும். அமைதியான நேரத்தில் மைக்கை பெல்ட்டுக்கு 1 செ.மீ. பக்கத்தில் பிடியுங்கள்.

நேர்கோடு: புல்லி முகத்தில் நேர்விளிம்பு வைத்தால் 0.25 டிகிரிக்குள், அதாவது 420 மி.மீ. தூரத்தில் 2 மி.மீ.க்குள் இருக்கட்டும்.

#17 உப்புக்காத்து
குதிப்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே. பை ஸ்கர்ட்டா (சுற்றிலும் ஒரே பை), விரல் ஸ்கர்ட்டா (தனித்தனித் துண்டுகள்)?

#18 புங்கோல்_மிதவை
பை ஸ்கர்ட் அண்ணே. நியோபிரீன் பூசிய நைலான். நொடிக்கு மூன்று நான்கு முறை குதிக்கிறது. புல்தரையில் இல்லை.

#19 உப்புக்காத்து
புல்லில் இல்லையென்றால் எஞ்சினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வழவழப்பான சிமெண்டில் ஸ்கர்ட் ஓரம் சுற்றிலும் ஒரே நேரத்தில் மூடுகிறது, அழுத்தம் ஏறுகிறது, வண்டி எழுகிறது, சுற்றிலும் ஒரே நேரத்தில் திறக்கிறது, அழுத்தம் விழுகிறது, உட்காருகிறது. புல்லில் எப்போதும் எங்கோ கசிந்துகொண்டே இருப்பதால் அந்தச் சுழற்சி பிடிக்காது.

முதலில் அழுத்தத்தை அளங்கள். 6 மி.மீ. ஒளி ஊடுருவும் குழாயை ‘யு’ வடிவில் பலகையில் கட்டி, சாயம் கலந்த தண்ணீர் பாதி ஊற்றி, ஒரு முனையை அடியிலுள்ள மெத்தைக் காற்றில் விடுங்கள். மில்லிமீட்டரில் வரும் வித்தியாசம்தான் சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ தாங்குகிறது என்பது, வேறு கணக்கு வேண்டாம். உங்கள் மெத்தைப் பரப்பு 4.4 ச.மீ. என்றால் 260ஐ வகுத்து 59 மி.மீ. வரவேண்டும். பிறகு பைக்குள் அளங்கள். இரண்டுக்கும் உள்ள உறவை மாற்றிப் பார்ப்பதுதான் வேலை. பையிலிருந்து மெத்தைக்குக் காற்று போகும் துளைகளில் சிலவற்றை டேப்பால் மூடி, பை கொஞ்சம் விறைப்பானதும் குதிப்பு குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் நிரந்தரமாக மூடுங்கள். கூடினால் டேப்பை எடுத்துவிட்டு, எதிர்ப் பக்கம் போய்த் துளை சேருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். அப்படியும் அடங்காவிட்டால் பைக்குள் செங்குத்தாக ஒரு துணித்தடுப்பு தைக்கவேண்டும், அது பை முழுக்க ஒரே மூச்சில் புடைப்பதைத் தடுக்கும்.

தண்ணீரில் ஓட்டியபிறகு குதிப்பு ஒரு பக்கமாக, ‘தொப் தொப்’ என்று இருந்தால் பைக்குள் தண்ணீர் நிற்கிறது. மிகத் தாழ்வான இடத்தில் 15 மி.மீ. வடிகால் துளை போடுங்கள். கீழ்மாடியில் வேறு ஒரு கடை இருக்கிற தொழிற்பேட்டைக் கட்டடத்தில் இதைச் சோதிக்காதீர்கள், தரை வழியாக அது அப்படியே இறங்கும்.

#20 டெசிபெல்
ஃபிரேமுக்கு அடியில் ரப்பர் பற்றியும் ஒரு வார்த்தை. ரப்பர் எடையால் எத்தனை மி.மீ. அமுங்குகிறதோ அதன் வர்க்கமூலத்தால் 15.8ஐ வகுத்தால் அதன் சொந்த அதிர்வெண். 4 மி.மீ. அமுங்கும் மிருதுவான ரப்பர் 7.9 ஹெர்ட்ஸ், காகிதத்தில் அழகு. ஆனால் டக்ட் உடலோடு, ஃபேன் ஃபிரேமோடு. ஃபிரேம் 4 மி.மீ. ஆடினால் 5 மி.மீ. நுனி இடைவெளி காலி, தள்ளுவிசையும் அதே ரப்பரைத்தான் தள்ளும். 1 மி.மீ. மட்டும் அமுங்கும் கட்டியான ரப்பர் 15.8 ஹெர்ட்ஸ். 42இல் அது ஆறில் ஒரு பங்கைத்தான் உடலுக்கு விடும், போதும். விலை என்னவென்றால், எஞ்சின் 1900இல் பாதி வெடிப்பு 15.8ஐத் தொடும், அங்கே குலுங்கும். அந்த இடத்தில் நிற்காமல் தாண்டிப் போங்கள்.

சைலன்சர் எஞ்சினோடு சேர்ந்து ஆடட்டும். அதை உடலில் ஒரு கிளாம்ப்பால் பிடித்துவிட்டால் ரப்பர் போட்டதே வீண், குழாயும் வெல்டில் விரியும்.

#21 பட்டறைத்தம்பி
ஆர்பிஎம்மைக் குறைத்துப் பிட்ச்சைக் கூட்டினால்?

#22 டெசிபெல்
நல்ல யோசனை, அளவோடு. ஃபேன் இரைச்சல் நுனி வேகத்தின் ஐந்தாம் அடுக்கு அளவில் ஏறுகிறது. இப்போது நுனி நொடிக்கு 118 மீட்டர். 10 சதவீதம் குறைத்தால் 2.3 டெசிபெல் குறையும், தள்ளுவிசை 19 சதவீதம் போகும். 35ஐ 40 ஆக்கி அதை ஓரளவு மீட்கலாம். அளவுக்கு மீறினால் பிளேடு ஸ்டால் ஆகி (காற்று பிளேடை விட்டு விலகி), ஊளை போய்க் கரகரவென்ற உறுமல் வரும், எஞ்சின் ஆர்பிஎம் ஏறவே ஏறாது. உதடு சரிசெய்யாமல் பிட்ச்சைக் கூட்டினால் அது இன்னும் சீக்கிரம் வரும்.

#23 புங்கோல்_மிதவை
நிலவரம்: பிரிதட்டு 100 மி.மீ.க்குத் தள்ளி, நடுவில் சட்டம் சேர்த்தாயிற்று. தட்டியபோது 240க்குப் பக்கத்தில் இருந்த சுருதி இப்போது 900க்கு மேல். உதடு 60 மி.மீ. ஆரம். முன்கால்கள் மீன் வடிவம். டக்ட் சுற்றிலும் 5லிருந்து 6 மி.மீ. வாஷர் 11, 6 கிராம் போட்டதும் ஃபேன் சமநிலை முனை 6.0லிருந்து 0.9. கைப்பிடி மரத்துப்போவது நின்றது. ஊளை இருக்கிறது, ஆனால் முன்னே ஒரே சுருதியாகக் காதைக் குடைந்தது இப்போது காற்றுச் சத்தத்தோடு கலந்துவிட்டது. குதிப்பு துளைகளை மூடியதில் குறைந்தது, முழுக்கப் போகவில்லை, துணித்தடுப்பு தைக்கவேண்டும். இப்போது மெல்லிய கீச்சொலி ஒன்று தனியாகக் கேட்கிறது, 2000 ஹெர்ட்ஸ்.

#24 பெல்ட்வாத்தியார்
அது பெல்ட் பல் கடிபடும் ஒலி. முன்பும் இருந்தது, ஊளை மூடியிருந்தது. சுருதி 57இல் இருந்து, ஓரம் உரசாமல் இருந்தால் அப்படியே விடுங்கள். பெல்ட்டில் எந்தப் பசையோ ஸ்பிரேயோ அடிக்காதீர்கள். காவல் மூடி தகரமாக இருந்தால் அதன் உள்பக்கம் அந்த 25 மி.மீ. ஃபோமை ஒட்டலாம், ஃபேன் உறிஞ்சும் பக்கமாக இல்லாமல். தம்பியின் ஃபோமுக்கு இங்கே வேலை இருக்கிறது.

#25 பட்டறைத்தம்பி
ஹாஹா, நன்றி வாத்தியாரே.

#26 உப்புக்காத்து
காதை யாரும் சொல்லவில்லை. வேலையிடச் சட்டத்தில் 8 மணி நேரத்துக்கு 85 டெசிபெல்தான் எல்லை, 3 டெசிபெல் கூடினால் நேரம் பாதி. ஓட்டுநர் காதருகே 100 என்றால் 15 நிமிடம். சோதனை ஓட்டத்துக்குக் காதடைப்பானும் அதன்மேல் காதுமூடியும் இரண்டும் போடுங்கள்.

இன்னொன்று, கரையில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நேராகத் தண்ணீருக்குக் கொண்டுபோகாதீர்கள். கடலுக்குக் கடல்துறை, துறைமுக ஆணையத்திடமும் நீர்த்தேக்கத்துக்குப் பொதுப் பயனீட்டுக் கழகத்திடமும் எழுத்தில் கேட்டு, பதில் வந்தபிறகு இறக்குங்கள். உப்புத்தண்ணீரில் ஓட்டியதும் ஹப்பை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அலுமினிய ஹப்பில் இரும்பு வாஷர் 17 கிராம் வைத்திருக்கிறீர்கள், அந்த இடம்தான் முதலில் அரிக்கும். ஸ்டெயின்லெஸ் வாஷருக்கு மாற்றி, அடியில் டூராலாக் மாதிரி ஏதாவது அரிப்புத் தடுப்புப் பசை தடவுங்கள். மாற்றும்போது எடை போடுங்கள், எண்ணிக்கையை நம்பாதீர்கள்.

#27 புங்கோல்_மிதவை
சரி அண்ணே. தடுப்புத் துணியை மேலே எங்கே தைப்பது, உடலோடு சேரும் ஓரத்திலா, பையின் நடுவிலா?

#28 உப்புக்காத்து
மேலே உடல் ஓரத்தில் தைக்கவேண்டாம், பட்டை வைத்து ஸ்க்ரூ போடுங்கள், கழற்ற வசதி. கீழே பை தரையைத் தொடும் கோட்டுக்கு 50 மி.மீ. உள்ளே தள்ளி, இரட்டைத் தையல் போட்டு, பசை, மேலே பட்டை. தடுப்பில் 150 மி.மீ.க்கு ஒரு 30 மி.மீ. துளை விடுங்கள், இல்லாவிட்டால் பையின் உள்பாதிக்குக் காற்றே போகாது. முதலில் முன்பக்கம் மட்டும் ஒரு மீட்டர் போட்டு ஓட்டிப் பாருங்கள்.